என் கிடாருக்குள்ள கை வச்சவன்

இப்படி நிழலுக்கு வந்துருங்க தம்பி, உள்ள உக்காந்திருந்தா வெந்து போயிருவீங்க. டிப்போவுலேருந்து மெக்கானிக் வரணுமாம், முக்கால் மணி நேரம் ஆகுமாம். அந்த டிரைவரைப் பாத்தீங்களா? என்ன கோளாறுன்னு எட்டிக்கூடப் பாக்கல. போன் பண்ணிட்டு வேப்பமரத்தடியில நின்னு பேப்பர் படிக்கிறாரு. நான் போய்க் கேட்டேன். "நாங்க கை வைக்கக் கூடாதுங்க, மெக்கானிக்தான் பாக்கணும்"ங்கறாரு. கை வைக்கக் கூடாதாம்! ஓட்டுறது நீ. உன் வண்டியில நீ கை வைக்கக் கூடாதா?

எனக்கு இந்தப் பேச்சே ஆகாது தம்பி. நான் ஃபிட்டர். பேரு லூர்துநாதன். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல முப்பத்தாறு வருஷம். தலைமுடி கனத்துக்கு இரும்பை ராவச் சொன்னா ராவிக் குடுப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு கிடாரைச் சரிபண்ண மாட்டேனா? நீங்களே சொல்லுங்க.

ஆமா, கிடார்தான். நீங்க என்னமோ இன்ஜின் கதை சொல்லப் போறேன்னு நினைச்சீங்க. கிடார் ரிப்பேர் பாக்கற ஒரு ஆளாலதான் என் குடும்பம் இன்னிக்கு ரெண்டு ஊர்ல கிடக்கு. சிரிக்காதீங்க. கேட்டா நீங்களே சொல்லுவீங்க யாரு மேல தப்புன்னு.

எங்க ரயில்வே காலனியில ரெண்டு வீடு தள்ளி ஹாட்ஜஸ்னு ஒரு ஆங்கிலோ இந்தியர் இருந்தாரு, ரயில் டிரைவர். எண்பத்தொம்பதுல குடும்பத்தோட ஆஸ்திரேலியா போயிட்டாரு. போறப்ப அவரு கிடாரை என் கையில குடுத்துட்டுப் போனாரு. எனக்கு வாசிக்கக் கத்துக்குடுத்ததும் அவருதான். நல்ல மரம். பழசாக ஆகத்தான் அதுக்குக் குரலே வரும். ஞாயித்துக்கிழமை பூசையில எங்க பாடல் குழுவுக்கு நான் அதைத்தான் வாசிச்சேன்.

எனக்கு ஒரே பொண்ணு, ஜெசிந்தா. ஒம்பது வயசுல அந்தக் கிடாரைத் தூக்கி அவ மடியில வச்சேன். புள்ளைக்குக் கைக்கு அடங்கல. "அப்பா, ஸ்ட்ரிங் உயரமா இருக்கு, அமுக்க அமுக்க விரல் வலிக்குது"ன்னா. விரலைக் காட்டினா, நுனியெல்லாம் கோடு கோடாச் செவந்து போயிருந்துச்சு. அன்னிக்குத்தான் தம்பி நான் அதுல முதல்முதலாக் கை வச்சது. புள்ளை விரலுக்காக. இதைக் கவனிச்சுக்குங்க. பின்னால எல்லாரும் மறந்துட்டாங்க.

ஸ்ட்ரிங் உக்கார்ற எலும்புக் கட்டையைக் கழட்டி, உப்புக் காகிதத்துல தேய்ச்சு, உயரத்தைக் குறைச்சேன். வாசிச்சா கொஞ்சம் இரைஞ்சுது. புதுசா எது செஞ்சாலும் இரையத்தான் செய்யும், ஓட ஓடச் சரியாகும்.

ரெண்டு வருஷம் போச்சு. ஒரு நாள் பாத்தா பிரிட்ஜு தூக்கியிருக்கு. பிரிட்ஜுங்கறது கிடாரோட வயித்து மேல ஒட்டியிருக்கற மரக்கட்டை, ஸ்ட்ரிங் எல்லாம் அதுலதான் வந்து மாட்டும். ஒரு போஸ்ட்கார்டு நுழையற அளவு இடைவெளி. நான் அப்ப நைட் ஷிப்டு, ஓவர்டைம் வேற. அமலோற்பவம், என் வீட்டுக்காரி, "பாலக்கரையில ஒருத்தர் இருக்காராம், அவருகிட்டக் குடுங்களேன்"னா. சரி, ஒருத்தனை நம்பித்தான் பாப்போமேன்னு கொண்டுபோனேன்.

ஏகாம்பரம்னு பேரு. ஒல்லியா, மூக்கு நுனியில கண்ணாடி. கிடாரை வாங்கி, விரல் முட்டியால தட்டித் தட்டிக் காதை வச்சுக் கேட்டான். டாக்டர் கெட்டான். அப்புறம், "இந்தக் கட்டையை யாரு சார் தேய்ச்சது?"ன்னான்.

"நான்தான். ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன். வச்சுட்டுப் போங்க சார், ஒரு பதினைஞ்சு நாள் ஆகட்டும்."

"ஒரு கட்டையை ஒட்டுறதுக்கா?"

"ஒட்டுறது ஒரு நாள்தான் சார். அதுக்கு முந்தி ஸ்ட்ரிங்கைத் தளத்திவிட்டு மரத்தை ஆறப் போடணும். இழுபட்டுப் போயிருக்கு."

மரத்தை ஆறப் போடணுமாம்! அது என்ன, பால் காய்ச்சியா இறக்கி வச்சிருக்கு? மூணு நாள் பொறுத்தேன். நாலாம் நாள் போய், "குடு"ன்னு வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல அரால்டைட் இருந்துச்சு, இரும்பையே பிடிக்கிற பசை. குழைச்சுப் பூசி, கிளாம்பு போட்டு இறுக்கி, எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு ஸ்க்ரூவும் முடுக்கினேன். பித்தளை ஸ்க்ரூ. பளபளன்னு அழகா இருந்துச்சு. ஒரு மணி நேர வேலை.

பசை காயட்டும்னு ஒரு வாரம் நான் தொடல. அந்த வாரம் அமலோற்பவம் கன்னியர் மடத்துல ஒத்திகைன்னு கிடாரையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போனா. ஒத்திகை ரெண்டு வாரமா நடந்துச்சு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்கறேன் தம்பி, அந்தக் கிடார் பாடுது! கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குது. பூசை முடிஞ்சு பங்குச் சாமியாரே வந்து, "லூர்து, என்ன பண்ணினீங்க, இப்படிப் பேசுது?"ன்னாரு. "நானே சர்வீஸ் பண்ணினேன் ஃபாதர்"னேன்.

அதுலேருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி நானே பிரிச்சுடுவேன். ஒரு வருஷம் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற காடியை ஆழப்படுத்தினேன். ஒரு வருஷம் கழுத்துல வரிசையா இருக்குமே ஃப்ரெட்டு, அதையெல்லாம் அரம் போட்டுச் சமமாக்கினேன். செஞ்ச அன்னிக்கு லேசா இரையும். ரெண்டு மூணு வாரத்துல தானாச் செட்டாகி, முந்திக்கு இப்பத் தேவலைன்னு ஆயிரும். பதினாலு வருஷம்! ஒரு கடைக்காரன் வாசப்படி மிதிக்கல. எங்க குழுவுல பெனடிக்ட்னு ஒருத்தரு, "எனதையும் பாருங்கண்ணே"ன்னு குடுத்தாரு. பாத்துக் குடுத்தேன். அதோட அவரு கிடாரையே விட்டுட்டு கீபோர்டுக்குப் போயிட்டாரு. சில பேருக்கு ஒண்ணுல நிலைச்சு நிக்கற புத்தி கிடையாது.

ஜெசிந்தா நல்லா வந்தா. நான் சொல்லிக்குடுத்ததுக்கு மேல வேற வாத்தியார்கிட்டயும் போனா. காலேஜ் முடிச்சு, தஞ்சாவூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல மியூசிக் டீச்சரா சேந்தா. சனி ஞாயிறு வீட்டுக்கு வருவா. கோயம்புத்தூர்ல பெரிய பள்ளிக்கூடம் ஒண்ணு, கிடார்ல எட்டாவது கிரேடு தேறினா எடுத்துக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. வெளிநாட்டுலேருந்து ஆள் வந்து நடத்துற பரீட்சை. திருச்சிக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. நான் அதுக்குள்ள ரிட்டையர் ஆகி வீட்டுல இருக்கேன். கை சும்மா இருக்குமா?

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கறப்ப, கிடாரைக் குலுக்கினா உள்ள என்னமோ உருள்ற மாதிரி ஒரு சத்தம். புள்ளையோட பவுடர் டப்பாக் கண்ணாடி ஒண்ணு கிடந்துச்சு. அதை ஓட்டைக்குள்ள விட்டு, டார்ச் அடிச்சுப் பாத்தேன். உருண்டது மரத்துணுக்குத்தான். ஆனா உள்பக்கம் குறுக்கே ஒரு சட்டம் ஓடும், அதுல பென்சில்ல எழுதியிருக்கு. பொடிப்பொடியா, வரிசையா.

"6/08 பிரிட்ஜ். ஏ."

"11/09 காடி. ஏ."

"4/12 ஃப்ரெட்டு. ஏ."

அப்படியே கீழ கீழ. ஏழு வரி தம்பி. கண்ணாடியில தலைகீழாத் தெரியுது, ஒவ்வொண்ணா எழுத்துக்கூட்டிப் படிக்கறேன். ரெண்டாயிரத்து எட்டு ஜூனு, நான் பிரிட்ஜு ஒட்டின மாசம். ஒம்பது நவம்பர், நான் காடி வெட்டினது. பன்னெண்டு ஏப்ரல், நான் அரம் போட்டது. நான் எப்பெப்ப நல்லபடியா வேலை செஞ்சு முடிச்சேனோ, அப்பெல்லாம் இந்த ஏகாம்பரம் பின்னாலயே வந்து கை வச்சிருக்கான்! என் வேலை மேல இவன் பேரை எழுதியிருக்கான். இதுக்கு என்ன பேரு சொல்லுங்க? திருட்டு இல்லையா?

அப்படியே சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிட்டேன். கடையில நாலு பேரு நின்னாங்க. நிக்கட்டும்னு வாசல்லேருந்தே கேட்டேன்.

"யாரைக் கேட்டுய்யா என் கிடாருக்குள்ள எழுதினே?"

கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்தான். என்னை அடையாளம் தெரிஞ்சுது அவனுக்கு. "எப்ப என்ன செஞ்சேன்னு எழுதி வைக்கறது பழக்கம் சார். அடுத்துப் பாக்கறவனுக்குத் தெரியணும்ல?"

"அடுத்துப் பாக்கறவன் நான்தான்யா!"

"அதுக்குத்தான் சார் எழுதினேன்"னான்.

எவ்வளவு திமிர் பாருங்க. நின்னவங்கள்ல ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டான். நான் விடல. "என் ஸ்க்ரூ இன்னும் அங்கதான் இருக்கு. பதினாலு வருஷமா அதுதான் பிரிட்ஜைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. நீ என்னத்தைப் பண்ணிக் கிழிச்சே?"ன்னேன்.

அவன் தரையைப் பாத்தான். சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி. அப்புறம் மெதுவா, "அது தலை மட்டும்தான் சார்"ன்னான்.

"என்னது?"

"ஸ்க்ரூவை எடுத்துட்டுத் தலையை மட்டும் வெட்டி மேல ஒட்டி வச்சிருக்கேன். உள்ள ஒண்ணும் இல்ல. அம்மாதான் சொன்னாங்க, அவரு பாத்தா அப்படியே இருக்கணும், மனசு கஷ்டப்படுவாருன்னு."

எந்த அம்மான்னு நான் கேக்கல. அவனே சொன்னான். "பெட்ஷீட் சுத்தி பஸ்ஸுல கொண்டாருவாங்க சார். சீட்டு கிடைச்சாலும் உக்கார மாட்டாங்களாம், கிடார் எங்கயாவது இடிச்சிரும்னு. பாப்பா சின்னப் புள்ளை அப்ப. கூடவே வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, 'அங்கிள், எங்க அப்பா திட்டு வாங்குவாரா?'ன்னு கேக்கும்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பாலக்கரையிலேருந்து பொன்மலைக்கு. வெயில் ஏறிக் கிடக்கு, எனக்கு ஒண்ணும் உறைக்கல.

அமலோற்பவம் தையல் மிஷின்ல இருந்தா. "ஏகாம்பரம் கடைக்கு எத்தனை வருஷமாப் போறே?"ன்னேன். சக்கரத்தைக் கையால பிடிச்சு நிறுத்தினா. பொய் சொல்லுவாளோன்னு நினைச்சேன். சொல்லல.

"அரால்டைட் போட்டீங்களே, அதுலேருந்து."

"ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"சொன்னா மறுபடி கழட்டுவீங்க."

"ஊருல ஒருத்தன் பாக்கி இல்லாம என்னைப் பைத்தியக்காரனாக்கி வச்சிருக்கீங்க, அம்மாவும் மகளும். சாமியாருகிட்ட நானே சர்வீஸ் பண்ணினேன்னு சொல்றப்ப பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன். உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்." கத்தரிக்கோலை எடுத்து வச்சா, மறுபடி எடுத்தா. "நீங்க புள்ளைக்காகத்தான் ராத்திரி பகலா அதைக் குடையறீங்கன்னு எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதா? அது தெரிஞ்சதுனாலதான் வேண்டாம்னு சொல்ல வாய் வரல. நீங்களும் சந்தோஷமா இருந்தீங்க. அவளும் நல்லா வாசிச்சா. இதுல யாருக்கு என்னங்க குறைஞ்சு போச்சு?"

கேட்டீங்களா பேச்சை? யாருக்கு என்ன குறைஞ்சு போச்சாம். பதினாலு வருஷம் ஒரு ஆம்பளை முதுகுக்குப் பின்னால நடந்துட்டு, கேக்கற கேள்வி இது. நான் அவகிட்டப் பேசறதை நிறுத்திட்டேன்.

நிறுத்திட்டு, முடிவு பண்ணினேன். இந்த வாட்டி நான் செய்வேன். எவனும் பின்னால கை வைக்கக் கூடாது. பரீட்சையில புள்ளை அதைத்தான் வாசிப்பா, முதல் தரமாத் தேறுவா. அப்ப பேசட்டும் இவங்க.

பரீட்சை சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில அமலோற்பவம் கோயிலுக்குப் போனதும் எடுத்தேன். கிடாரோட கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடும் தம்பி, ட்ரஸ் ராடும்பாங்க. அதை முறுக்கினா கழுத்து நிமிரும், தளத்தினா வளையும். மத்ததெல்லாம் மரம், பசைன்னு சொல்லலாம். இது இரும்பு. இது என் ஏரியா. கண்ணை வச்சுப் பாத்தேன், கழுத்துல ஒரு நூல் வளைவு தெரிஞ்சுது. எல் சாவியைப் போட்டுத் திருகினேன். அசையல. சாவியில ஒரு பைப்பைச் செருகி நெம்பினேன். ஒர்க்‌ஷாப்புல எத்தனை துருப்பிடிச்ச நட்டை அப்படி எடுத்திருப்பேன்!

டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். சின்னச் சத்தம். சாவி லொடலொடன்னு சுத்துது.

கம்பி பழசு தம்பி. எண்பத்தொம்பதுக்கும் எத்தனையோ வருஷம் முந்தினது. உள்ள துரு ஏறியிருக்கும். யாரு திருகியிருந்தாலும் அது அன்னிக்கு உடைஞ்சுதான் இருக்கும். ஏகாம்பரம் திருகியிருந்தாலும் உடைஞ்சிருக்கும். என்ன, அவன் கையில உடையல.

துடைச்சு, சுருதி கூட்டி, பெட்டியில வச்சு மூடிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? பரீட்சை நேரத்துல புள்ளைக்கு வீண் பதட்டம். அதோட, ரெண்டு மூணு நாள்ல தானாச் செட்டாயிரும்னும் ஒரு எண்ணம். எப்பவும் ஆகுமே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா வந்தா. கை கால் கழுவிட்டு நேராப் பெட்டியைத்தான் திறந்தா. நான் ஹால்ல டி.வி. பாக்கற மாதிரி உக்காந்திருந்தேன். ஒரே ஒரு தடவை ஸ்ட்ரிங்கையெல்லாம் சேத்து மீட்டினா. நிறுத்தினா. கிடாரைத் தூக்கிக் கழுத்தோரமா ஒரு கண்ணால பாத்தா. மூணு நாள்ல கழுத்து வில்லு மாதிரி முன்னால வந்திருந்துச்சு. ஸ்ட்ரிங்குக்கும் கழுத்துக்கும் நடுவுல சுண்டு விரலை விடலாம்.

"அப்பா, இதுல கை வச்சீங்களா?"

"துடைச்சேன்."

"துடைச்சீங்களா?"

"துடைச்சேன்னு சொல்றேன்ல."

அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன். கேக்கல. "அம்மா, பெட்ஷீட் எடுங்க"ன்னா. ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சுப் போயிட்டாங்க.

ஏகாம்பரம் பாத்துட்டு, கழுத்தைப் பிரிச்சாத்தான் ஆகும், மாசக்கணக்காகும்னுட்டானாம். அவனோட சொந்தக் கிடாரைக் குடுத்து, இதுல வாசிம்மான்னு அனுப்பினானாம். காலையில எட்டு மணிக்குப் பரீட்சை. புள்ளை அதை வச்சு விடிய விடியப் பழகினா. கதவைச் சாத்திக்கிட்டு.

நாலு மார்க்குல போச்சு.

நாலே நாலு மார்க்கு. கோயம்புத்தூர்க்காரங்க வேற யாரையோ எடுத்துட்டாங்க. ரிசல்ட்டு வந்த அன்னிக்கு மத்தியானம் சாப்பிட உக்காந்திருக்கோம். நான் சொன்னேன்: "அந்த ஏகாம்பரம் குடுத்த கிடாருதான் காரணம். அதோட கழுத்து அகலம். விரல் எட்டாது. ஆளைப் பாத்துல்ல கிடாரைக் குடுக்கணும்?" இதுல என்ன தப்பு இருக்கு? உள்ளதைத்தானே சொன்னேன். ரெண்டு பேரும் சாப்பிடறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. கோபமாக்கூட இல்ல. ஏதோ தெரியாத ஆளு வழி தப்பி வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்ட மாதிரி ஒரு பார்வை. ஜெசிந்தா தட்டை எடுத்துட்டு எழுந்து போயிட்டா. அவ ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம் தம்பி. "நீங்கதானே உடைச்சீங்க"ன்னு கேட்டிருக்கலாம். இன்னி வரைக்கும் கேக்கல.

அடுத்த வருஷம் அவளே புதுசா ஒரு கிடார் வாங்கிக்கிட்டா. என்னைக் கூட்டிட்டுப் போகல. கடையிலேருந்து நேரா ஏகாம்பரத்துகிட்டக் கொண்டுபோய்க் குடுத்து, அவன் பாத்ததுக்கப்புறம்தான் வீட்டுக்கே எடுத்துட்டு வந்தா. பரீட்சை தேறினா. அந்தப் பள்ளிக்கூடத்துல மறுபடி இடம் விழுந்துச்சு, கூப்பிட்டாங்க. "புதூரு, தனியா இருப்பா, ஒரு மாசம் கூட இருந்து வீட்டை ஒழுங்கு பண்ணிக் குடுத்துட்டு வர்றேன்"னு அமலோற்பவம் கூடப் போனா. போயி பதிமூணு மாசம் ஆகுது. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. தெனம் போன் பண்ணுவா. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா"ன்னு எல்லாம் கேப்பா. எப்ப வர்றேன்னு நான் கேக்கறதில்ல. கேட்டா ஏதாவது ஒரு தேதி சொல்லுவா. வேண்டாம்.

பழைய கிடாரா? அவன் மூணு மாசம் வச்சுக்கிட்டு எப்படியோ சரிபண்ணிக் குடுத்துட்டானாம். கட்டிலுக்கு அடியில பெட்டியில கிடக்கு. நான் திறந்து பாக்கல. பாத்தா உள்ள எட்டாவது வரி எழுதியிருப்பான். அதை எதுக்குப் பாக்கணும்? கோயில்ல வாசிக்கறதையும் விட்டுட்டேன். கேக்கறவங்ககிட்ட மூட்டு வலின்னு சொல்லியிருக்கேன்.

முந்தாநாள்தான் கோயம்புத்தூர் போனேன், முதல் தடவையா. நல்ல வீடு, மூணாவது மாடி. ஜெசிந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனா. மட்டன் எடுத்துச் சமைச்சிருந்தாங்க. என் தலையணை உயரமா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு நெனைவு வச்சு ரெண்டு தலையணை போட்டிருந்தா புள்ளை. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஹால்ல அவ கிடாரு சுவத்துல மாட்டியிருந்துச்சு. நல்ல மரமான்னு பாக்கலாம்னு கிட்டப் போனேன். அவ ஏதோ பேசிக்கிட்டே வந்து அதை எடுத்துட்டு உள் ரூமுக்குப் போயிட்டா. எதேச்சையாத்தான் இருக்கும்.

நேத்து சமையல்கட்டுல குழாய் சொட்டுச் சொட்டா ஒழுகிச்சு. வாஷர் போயிருக்கும். நான் எழுந்து, "ஸ்பேனர் இருக்கா?"ன்னேன்.

"நீங்க உக்காருங்க. ஆள் வரச் சொல்லியிருக்கேன்"னா அமலோற்பவம்.

"நான் இருக்கறப்ப ஆளா?"

"உக்காருங்க"ன்னா மறுபடி. அதட்டல. மெதுவாத்தான் சொன்னா. நான் உக்காந்துட்டேன் தம்பி. கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். முப்பத்தாறு வருஷ ஃபிட்டர்.

பிளம்பர் வந்தான், அம்பது வயசிருக்கும். பத்து நிமிஷத்துல முடிச்சுட்டான். அவனுக்கு அமலோற்பவம் காப்பி போட்டுக் குடுத்தா. அவன் மக கல்யாணத்துல பந்தி நடக்கறப்ப மழை வந்து பந்தல் நனைஞ்ச கதையைச் சொன்னான். இவ சிரிச்சா. வாயை மூடிக்கிட்டு, தோள் குலுங்க ஒரு சிரிப்பு சிரிப்பா, அதே சிரிப்பு. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு உக்காந்து எண்ணிப் பாத்தேன். எண்ணிக்கை பிடிபடல.

இன்னிக்குக் காலையில புள்ளை பள்ளிக்கூடம் போயிட்டா, இவ கோயிலுக்குப் போயிட்டா. நான் தண்ணி குடிக்கப் போனேன். குழாய் ஒழுகல, அது வேற விஷயம். ஆனா கைப்பிடி லேசா ஆடற மாதிரி என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. மத்தவங்களுக்குத் தெரியாது. பையில எப்பவும் ஒரு கட்டிங் பிளேயர் வச்சிருப்பேன். எடுத்து ஒரு அரைச் சுத்து. அரைச் சுத்துதான் தம்பி, அதுக்கு மேல இல்ல.

தண்ணி பிச்சுக்கிட்டு அடிச்சுது. திருப்பிப் பாத்தேன், நிக்கல. மெயின் வால்வு எங்க இருக்குன்னு எனக்கு என்ன தெரியும், புது வீடு. துணியைச் சுத்தினேன், ஒரு மாதிரி மட்டுப்பட்டுச்சு. அடியில ஒரு வாளியை வச்சேன். "அவசர வேலை, கிளம்பறேன்"னு காகிதத்துல எழுதி வச்சுட்டு, சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு, கிடைச்ச பஸ்ஸுல ஏறிட்டேன். இந்நேரம் அவ கோயில்லேருந்து வந்து பாத்திருப்பா.

வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் முதல் வேலையா நானே போன் போட்டுச் சொல்லணும். அந்தப் பிளம்பர் வேலை சரியில்ல, இனிமே அவனை வீட்டுக்குள்ள விடாதீங்கன்னு. நான் சொல்லாட்டி இதையெல்லாம் அவங்களுக்கு யாரு தம்பி சொல்லுவா?